பக்கத்துக் கல்

குண்டு மேஸ்திரி ஒல்லியான ஆள். அந்தப் பேர் அவருக்கு உடம்பால் வந்ததல்ல, தூக்குக்குண்டால் வந்தது. சுவரோ படிக்கட்டோ கல்லறையோ, கயிற்றில் கட்டிய அந்த இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கல்லைத் தொடுவார். இத்தனை வருஷம் உழைத்ததில் மிச்சம் என்று அவரிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். "குண்டு மேஸ்திரி வச்ச கல்லு அசையாது" என்று எல்லோரும் சொல்வார்கள். அது அசையாது என்பதுதான் இப்போது அவருக்குப் பெரிய தலைவலி.

அவர் வைத்த இரண்டு கற்கள் ஆலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்று பாட்டுப் போதகருடையது. மற்றது ஒரு லாரி டிரைவருடையது.

பாட்டுப் போதகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கப்பலேறி வந்த மனிதர். வந்த புதிதில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். மனிதர் ரோஷக்காரர். உட்கார்ந்து மொழியைக் கற்றார், அந்த மொழியிலேயே ஞானப்பாட்டுகள் எழுதினார், சிரித்தவர்களின் வாரிசுகள் இன்றைக்கு அதே பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். அவர் குடியிருந்த இரண்டு அறை வீடு இப்போது காட்சியகம். மேஜை, கட்டில், மூக்குக்கண்ணாடி, தொட்டால் இருமுகிற ஒரு ஆர்மோனியம் எல்லாம் பார்த்து முடித்து, பஸ்ஸில் வருகிறவர்கள் கடைசியாகக் கல்லறைக்கு வருவார்கள். சுற்றி நின்று அவருடைய சாயங்காலப் பாட்டை ஒரு தடவை பாடிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

அந்தப் பெரியவர் சாகும் முன் ஒரு பிடிவாதமான உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தோட்டத்தில் யாருக்கும் பெரிய கல் கிடையாது. போதகருக்கும் அதே பலகைக் கல், பெருக்குகிறவருக்கும் அதே பலகைக் கல். முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிற வேலையும் கிடையாது. அதனால்தான் தோட்டம் நிரம்பி வழிந்த ஒரு காலத்தில், அவருக்குப் பக்கத்தில் பூச்செடிக்காக விட்டிருந்த துண்டு நிலத்தில் லாரி டிரைவரைப் புதைத்தார்கள். மற்ற இடங்களைப் போலப் பெரியவர் தலைக்கு மேல் ஒரு மண்டபம் எழுப்பியிருந்தால் கண் தெரியாதவர்கூட இடம் மாறிப் போயிருக்க மாட்டார். அந்தச் சமத்துவம்தான் மேஸ்திரியைக் கவிழ்த்தது. இல்லை, அப்படிச் சொல்வதும் அவர் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் சப்பைக்கட்டுதான். கவிழ்த்தது அவருடைய தலைக்கனம்.

போன வருஷம் போதகரின் நினைவு ஆண்டு வந்தது. மண் இறங்கி, கற்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் தூக்கி, ஓரம் சுற்றிக் கான்கிரீட் சட்டம் போட்டு, மறுபடி மட்டமாக வைக்க வேண்டும் என்று ஆலயத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கல்லைத் தூக்கும் முன் அந்தக் குழியின் தலைமாட்டில் ஒரு முளை அடித்து, அதில் ஓர் எண் எழுத வேண்டும். அதே எண்ணைக் கல்லின் அடியிலும் எழுத வேண்டும். தோட்டம் முழுக்க மேஸ்திரி அப்படித்தான் செய்தார். நடு வரிசையில் மட்டும், சிமென்ட் லாரி திரும்ப இடம் இல்லை என்று அதை ஓட்டி வந்தவர் முனகியபோது, தடையாக நின்ற இரண்டு முளைகளைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார்.

"முளை இல்லாம எப்படி மேஸ்திரி?" என்று குழிவெட்டுகிறவர் கேட்டார்.

"ரெண்டே ரெண்டு கல்லு. எனக்குத் தெரியாதா? போய்யா."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. புதர் வெட்டி, மண் கொட்டி, எல்லாம் ஒரே சேறாகக் கிடந்த இடத்தில், வெயில் அடித்ததும் மேஸ்திரி இரண்டு கற்களையும் வைத்தார். மட்டம் பார்த்தார், குண்டு பிடித்துப் பார்த்தார். ஒரு மயிரிழை பிசகில்லை. போதகர் கல்லைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி வந்தது. வேலியில் ஒரு சின்னப் பலகை வந்தது. திருப்பணி செய்தவர் என்று மேஸ்திரியின் பேர் அதில் இருந்தது. கொத்தனார் பேரை யார் எங்கே எழுதி வைக்கிறார்கள்? அவர் மனைவி தன் பிறந்த வீட்டு ஜனம் மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். பாட்டுப் போதகரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, பலகையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தையல்காரம்மா தன் அம்மாவோடு வந்தாள். லாரி டிரைவரின் மகள் அவள். வாரம் தவறாமல் இருவரும் வந்து பூ வைப்பார்கள். அன்றைக்குக் கல்லின் முன்னால் நின்று அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மேஸ்திரி அண்ணா, அப்பா அந்தப் பக்கம்ல இருந்தார்?"

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. அவர் வேலையில் ஒருத்தி குறை சொல்வதா, அதுவும் பலகையில் பேர் வந்த வாரத்தில்!

"புதர் எல்லாம் வெட்டியாச்சில்ல தங்கச்சி, அதான் உங்களுக்கு அப்படித் தெரியுது. நீங்க தைக்கிற துணியில கை எது கழுத்து எதுன்னு நான் வந்து சொல்றேனா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணா, தெரியாமக் கேட்டுட்டேன்." அவள் அம்மா ஒன்றும் புரியாமல் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவிக்குக் காது மந்தம். "என்னவாம்?" என்று கேட்க, மகள் அவர் காதோரம் குனிந்து, "இடம் சரிதானாம்மா!" என்று கத்தினாள். கிழவி, கல்லின் தலைமாட்டில் ஆலய மணி தொங்கிய மணிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் கல்லறைக்கு வரவேயில்லை. முழங்கால் வலியாக இருக்கும் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

காட்சியகத்தின் கூரை ஒழுகியபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. வெளிச்சம் என்றால் மேஸ்திரிக்கு மட்டும். சுவரைப் பூசுவதற்காகச் சட்டம் போட்ட பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்றில் பாட்டுப் போதகரின் கல்லறை இருந்தது. தலைமாட்டில் மணிக்கம்பம், ஒட்டினாற்போல. மேஸ்திரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மணிக்கம்பத்துக்குக் கீழே கிடந்தது லாரி டிரைவரின் கல். போதகரின் கல் அந்தப் பக்கம், வேலிக்குள்ளே, பூமாலையோடு, தப்பான ஆளின் தலைமேல் அழகாக மட்டமாகக் கிடந்தது. பூசி முடித்து, போட்டோவை மறுபடி மாட்டி, கோணலில்லாமல் இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தார். அதைத் தவிர அன்றைக்கு அவர் வேறு எதையும் செய்யவில்லை.

பூசி மெழுகுவது அவருக்குத் தொழில்தான் என்றாலும் மனசுக்குள் அது அவ்வளவு லேசாக வரவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார். செத்தவருக்குத் தெரியப்போகிறதா? பஸ்காரர்களுக்குத் தெரியப்போகிறதா? தெரிந்தால்தானே துக்கம். இப்படி வாதாடி ஒருவழியாகத் தேறிக்கொண்டு வரும்போது ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். தையல்காரம்மா பூவோடு வந்து, மணிக்கம்பத்தடியில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கதையெல்லாம் அப்பாவிடம் சொல்லுவாள். வாடகை வீட்டுக்காரர் தொல்லை, மிஷின் பெல்ட் அறுந்தது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர் கப்பலேறி வந்த ஒரு வேற்று மனிதர். அந்தப் பக்கம் பஸ் கூட்டம் உருகி உருகிப் பாடியது, சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றையும் வாயில் முணுமுணுக்காத ஒரு லாரி டிரைவருக்கு. சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான். மேஸ்திரிக்கு வரவில்லை.

இதற்கு மேல் ஒரு நாள் அவள், "அண்ணா, உங்க காலர் தேஞ்சு போச்சு, கொடுங்க, திருப்பித் தைச்சுத் தரேன். அப்பா இடத்தை இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே" என்று சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போய்த் தைத்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையைப் போடும்போதெல்லாம் காலர் கழுத்தை அறுத்தது. தையலில் ஒரு குற்றமும் இல்லை.

அப்படித்தான் மாதங்கள் போயின. ஒரு காலை, மேஸ்திரி தன் பட்டறையில் கல்லுக்கு விளிம்பு செதுக்கிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா போயிட்டாங்க அண்ணா."

மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில அடக்கம். பாஸ்டர்கிட்டப் பேசிட்டேன். அப்பா குழியிலேயே வைக்கலாம்னு சொல்லிட்டார். நீங்கதான் கல்லைத் தூக்கித் தரணும். அம்மா பேரையும் அதுல வெட்டணும்."

கணவனையும் மனைவியையும் ஒரே குழியில் வைக்க அந்த ஆலயத்தில் அனுமதி உண்டு. மேஸ்திரிக்கு அது நன்றாகத் தெரியும். இப்படி ஒரு நாள் வரும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவேயில்லை. அந்தக் கல்லைத் தூக்கித் தோண்டினால் அடியில் இருப்பது பாட்டுப் போதகர். அவருடைய எலும்பைக் கிளறி, அதன்மேல் இந்த அம்மாவை இறக்கி மூடிவிட்டால், பிறகு எந்த மேஸ்திரி வந்தாலும் நிமிர்த்த முடியாது.

"தங்கச்சி," என்று மென்று விழுங்கினார், "சுவரோரம் ஒரு நல்ல இடம் இருக்கு. நிழல். புதுசாக் கல்லு நானே போட்டுத் தரேன்."

"நிழல் எதுக்கு அண்ணா?"

"இல்ல, பழைய குழி... மண்ணு ஈரம்..."

"இருக்கட்டும். அம்மா கேட்டது அது ஒண்ணுதான்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பா லாரி ஓட்டினவர். மாசத்துல பாதி நாள் ரோட்டுல. வீட்டுல இருக்கிற நாள்லயும் லாரிக்கு அடியிலதான் படுத்துக் கிடப்பார். 'இந்த மனுஷன் என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு டீ முழுசாக் குடிச்சதில்ல, அங்க போயாவது பக்கத்துல கிடக்கிறேன், அங்கேயிருந்து எங்க ஓடுவார்?'னு சொல்லிட்டே இருப்பாங்க."

எங்கே ஓடுவார் என்று அந்த அம்மா நம்பிய மனிதரைத்தான் மேஸ்திரி ஓட வைத்திருந்தார். "வரேன் தங்கச்சி" என்றார்.

மத்தியானம் அவர் தோட்டத்துக்குப் போனபோது குழிவெட்டுகிறவர் கடப்பாரையோடு தயாராக நின்றார். தையல்காரம்மாவும் வந்திருந்தாள். வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தாலும் இந்த வேலையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டாளாம். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ்ஸும் வந்து சேர்ந்தது. கூட்டம் வேலியைச் சுற்றி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது. சாயங்காலப் பாட்டு ஆரம்பித்தது.

குழிவெட்டுகிறவர் கடப்பாரையை லாரி டிரைவர் கல்லின் ஓரத்தில் செருகினார்.

"இரு," என்றார் மேஸ்திரி.

"என்ன?"

"எடு கடப்பாரையை. இது இல்ல."

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள். அவர் கையில் தூக்குக்குண்டின் கயிறு இருந்தது, எதற்கு எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"தங்கச்சி, உங்க அப்பா இங்க இல்ல. அங்க இருக்கார்." வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அவங்க பாடிட்டு இருக்காங்களே, அந்த இடம். நான் கல்லை மாத்தி வச்சுட்டேன். முளையைப் பிடுங்கினது நான்தான். சுவர் பூசுறப்போ பழைய போட்டோவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்ச பிறகும் சொல்லல."

அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. நல்ல குரல்கள். திட்டுவாள், அழுவாள், கல்லை எடுத்து அடித்தாலும் அடிப்பாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்து நின்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அன்னிக்கே கேட்டேனே," என்றாள் கடைசியில்.

"கேட்டீங்க."

"துணியில கை எது கழுத்து எதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"என்னை விடுங்க. எனக்கு அப்பவே சந்தேகம் தீரல, ஆனா நீங்க சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன். அம்மா விடல அண்ணா." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "வீட்டுக்குப் போனதும் ஆரம்பிச்சாங்க. 'அது உங்க அப்பா இடம் இல்லடி, மணிக்கம்பம் தலைமாட்டுல இருந்ததில்ல'ன்னு. நானும் எத்தனை தடவைதான் சொல்லுவேன்? ஒருநாள் கோவத்துல, 'உனக்கு வயசாயிடுச்சும்மா, ஞாபகம் தப்புது, மேஸ்திரியே சொல்லிட்டார்'னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கல. எதைப் பத்தியும் பேசல. அடுப்பை அணைச்சுட்டேனா, கதவைச் சாத்தினேனான்னு திரும்பத் திரும்ப வந்து என்கிட்டக் கேட்டுட்டே இருப்பாங்க. தன் புத்தியையே நம்பாமப் போயிட்டாங்க. புருஷன் கல்லறையையே அடையாளம் தெரியாதவ இனிமே அங்க எதுக்குப் போகணும்னுதான் வரவேயில்ல."

முழங்கால் வலி என்று தான் நினைத்தது மேஸ்திரிக்கு நினைவு வந்தது. கல்லைத் திருப்பி வைக்கலாம், வேலியை அறுக்கலாம், பலகையைப் பிடுங்கலாம். இதை என்ன செய்வது? நன்றாக இருந்த ஒரு அம்மாவின் புத்தியில் அவர் கோணலாக ஒரு கல்லை வைத்திருந்தார், அது கடைசி வரை அசையவேயில்லை. அவர் மணிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர் அவர், நல்ல மனிதர். போட்டோவை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார், மணிக்கம்பத்தைப் பார்த்தார், பஸ் கூட்டத்தைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"இந்த வேலியைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பேருக்கு நான் ஜெபம் பண்ணியிருக்கேன்!"

"பரவாயில்ல பாஸ்டர்," என்றாள் தையல்காரம்மா, அழுத கண்ணோடு. "அப்பாவுக்கு அது தேவைதான்."

பாஸ்டர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு கூட்டத்திடம் போய், பாட்டு முடியும்வரை காத்திருந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னாலும் சொல்வதாக மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

வேலியை அவரே அறுத்தார். தன் பேர் இருந்த பலகையைக் கழற்றிக் குப்புறப் போட்டார். போதகரின் கல்லை நகர்த்திவிட்டு, குழிவெட்டுகிறவரோடு தானும் இறங்கித் தோண்டினார். மண் மிருதுவாகத்தான் இருந்தது, காலையில் சொன்ன ஈரம் எதுவும் இல்லை. நல்ல ஆழத்தில் மண்வெட்டி எதிலோ பட்டு டங்கென்றது. கையால் மண்ணை விலக்கினார். மக்கிப்போன பெட்டிப் பலகைக்கு நடுவே நசுங்கிய ஒரு பிளாஸ்க்.

"அப்பாவோடது," என்றாள் மேலே நின்றவள். "ரோட்டுல டீ இல்லாம இருக்க மாட்டார்னு அம்மாதான் பெட்டிக்குள்ள வச்சாங்க."

அதை எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே கொஞ்சம் மண் போட்டு மூடிவிட்டு மேஸ்திரி ஏறி வந்தார்.

மறுநாள் காலை அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்த அம்மாவுக்காக வந்தவர்கள், பாதிப் பேர் கல் மாறிய கதை கேட்டு வந்தவர்கள். மேஸ்திரியின் மனைவியும் வந்து ஓரமாக நின்றாள், இந்தத் தடவை பிறந்த வீட்டு ஜனம் இல்லாமல். பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். பெட்டியைக் கயிற்றில் தூக்கினார்கள்.

"நில்லுங்க," என்றாள் தையல்காரம்மா.

எல்லோரும் நின்றார்கள்.

"மேஸ்திரி அண்ணா, இங்க வாங்க."

அவர் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தார். அவள் திருப்பித் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். வேறு நல்ல சட்டை அவரிடம் கிடையாது.

"என்கிட்டச் சொன்னீங்க, பாஸ்டர்கிட்டச் சொன்னீங்க. அம்மாகிட்ட யாரும் சொல்லல."

மேஸ்திரி பெட்டியைப் பார்த்தார். அதன் தலைமாட்டுப் பக்கம் போய் நின்று, கைகளைக் கூப்பினார்.

"அம்மா... நீங்க சொன்னதுதான் சரி. உங்க ஞாபகம் தப்பல. நான்தான் தப்பு."

முன்வரிசையில் நின்றவர்களுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் மகள். "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மேஸ்திரி குனிந்து, பெட்டியில் வாயை வைத்து, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார்.